போலீஸா, பேப்பரா, கட்சியா?

தாராவியில் சாம்டா பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். அந்தச் சந்தின் மூலையில் இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்த ஆச்சி, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இவ யாருடே? போலீஸா, பேப்பரா?”

இரண்டும் இல்லை என்றேன்.

“அப்பம் கட்சியா?”

அதுவும் இல்லை என்றேன். ஆச்சி இட்லித் தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து, பதமாக உரித்தார். “அப்பம் எதுக்கு எழுதுதா?”

பல வருடங்களுக்கு முன் நடந்தது இது. நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் புனேக்காரர், சமூகவியலில் முனைவர் பட்டத்துக்காக வந்தவர். பம்பாயின் பழைய கள்ளச்சாராயத் தொழிலில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பது அவருடைய ஆய்வு. தமிழ் தெரியாது. நாளுக்கு இவ்வளவு என்று பேசி, மொழிபெயர்க்க என்னை வைத்துக்கொண்டார். மராத்தியில் அக்காவை ‘தாயி’ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பேத்தி வயதுப் பெண்ணை நான் தாயி தாயி என்று கூப்பிடுவது ஆச்சிக்குக் கடைசிவரை சிரிப்பாகவே இருந்தது.

ஆச்சி கேட்டதில் தப்பில்லை. சாராயம், அடிதடி என்று விசாரித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைகிறவர்களில் அவருக்குப் பழக்கமான ரகங்கள் இந்த மூன்றுதான். போலீஸுக்கு ஆள் வேண்டும், பேப்பருக்குச் சம்பவம் வேண்டும். கட்சிக்கு என்ன வேண்டும் என்பது தேர்தலுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தாயி கேட்டதோ வேறு மாதிரி இருந்தது. யார் காய்ச்சினார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. வெல்லம் எந்தக் கடையிலிருந்து வந்தது, கடனா ரொக்கமா, ரப்பர் ட்யூபில் நிரப்பிய சாராயத்தைச் சுமந்துகொண்டு போனால் ஒரு நடைக்கு என்ன கூலி, மழைக்காலத்தில் கூலி கூடுமா என்றெல்லாம் கேட்டார். முதல் வாரம் எனக்கே இது வெட்டி வேலையாகத்தான் பட்டது. மளிகைக் கணக்கு எழுதுகிற மாதிரி இருந்தது.

அந்த மளிகைக் கணக்குக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருடக் கதை இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

குற்றத்தையும் நகரத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கும் பழக்கம் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானது சிகாகோ. அங்கே சமூகவியல் துறைக்கு 1920களில் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவரான ராபர்ட் பார்க், பேராசிரியர் ஆவதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேல் பத்திரிகை நிருபராக அலைந்தவர். நிருபர் புத்தி போகவில்லை, மாணவர்களை நூலகத்திலிருந்து கிளப்பித் தெருவுக்கு அனுப்பினார். அவரோடு வேலை பார்த்த எர்னஸ்ட் பர்ஜஸ், நகரத்தை வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து காட்டினார். நடுவில் கடைத்தெருவும் ஆபீஸ்களும். அதை ஒட்டி, வாடகை மலிவான, எப்போது வேண்டுமானாலும் இடிபடக்கூடிய பகுதி. அதற்கடுத்துத் தொழிலாளர் வீடுகள். வெளியே போகப் போக வசதியானவர்கள்.

இந்த வட்டங்களின் மேல் க்ளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் ஒரு வேலை செய்தார்கள். சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பையன்களின் வீட்டு முகவரிகளை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். நடுவுக்கு அடுத்த வட்டத்தில் புள்ளிகள் குவிந்தன. அது எவரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். பல பத்தாண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வட்டத்தில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் நாலு காசு சேர்த்து வெளியே போனதும் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள், பிறகு தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், புள்ளிகள் மட்டும் இடம் மாறவில்லை. வெளியேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் மேல் வழக்குகள் குறைந்தன. 1942இல் இது புத்தகமாக வந்தபோது, ‘அந்த இனத்துப் பையன்களே அப்படித்தான்’ என்ற பேச்சுக்குக் கணக்கோடு ஒரு பதில் கிடைத்தது.

பம்பாய்த் தமிழனுக்கு இந்தக் கணக்கு சும்மா ஒரு பாடப் புத்தகச் செய்தி இல்லை. 1966இல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். ஆபீஸில் உட்கார்ந்திருந்த மாட்டுங்கா தமிழர் மேல் வந்த புகார், வேலையைப் பறித்துவிட்டார் என்பது. தாராவியிலும் கோலிவாடாவிலும் ஆன்டாப் ஹில்லிலும் இருந்த தமிழர் மேல் வந்த புகார், சாராயமும் ரவுடித்தனமும். ஒரே மொழி பேசுகிறவர்கள்தான், இரயில் பாதைக்கு இந்தப் பக்கம் குமாஸ்தா, அந்தப் பக்கம் குண்டர். இனம்தான் காரணம் என்றால் மாட்டுங்காவிலும் அல்லவா சாராயம் காய்ச்சும் பட்டி எரிந்திருக்க வேண்டும்?

சிகாகோவுக்கும் பம்பாய்க்கும் நடுவே நேரான ஒரு நூலும் உண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை 1919இல் ஆரம்பமானது, முதல் பேராசிரியர் பேட்ரிக் கெடஸ். அவர் ஸ்காட்லாந்துக்காரர், நகர அமைப்பு நிபுணர். நம் மதுரை, தஞ்சாவூர்த் தெருக்களில்கூட நடந்து பார்த்து, இடித்துத் தள்ளாமலே ஊரைச் சீர் செய்யலாம் என்று அறிக்கை எழுதியவர். 1924இல் துறை ஜி. எஸ். குர்யேயின் கைக்குப் போனது. எம். என். சீனிவாஸ் போன்றவர்கள் அவரிடம் படித்து வந்தவர்கள். ஆனால் குர்யேக்கு நாட்டம் சாதியிலும் பழங்குடியிலும் சாதுக்களிலும் இருந்தது. சேரியும் ஜெயிலும் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தன. நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சமூக மையத்தை நடத்திக்கொண்டிருந்த க்ளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் சிகாகோவில் படித்தவர். 1936இல் அங்கேதான், அவரை முதல் இயக்குநராகக் கொண்டு, டாட்டாவின் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்று தியோனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான்.

இந்தப் பிறப்பு, மும்பையில் இந்தத் துறைக்காரர்களின் வாழ்க்கையையே வேறு மாதிரி ஆக்கிவிட்டது என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் குற்றவியல் சமூகவியலாளர் என்றால் வகுப்பு, கள ஆய்வு, புத்தகம், அப்புறம் அடுத்த புத்தகம். இங்கே பாதி நேரம் கோர்ட் வாசலில் போகிறது. 1984இல் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சிறப்புப் பிரிவை அந்த நிறுவனம் அமைத்தது. 1990இல் ‘பிரயாஸ்’ என்ற திட்டம் ஜெயில்களுக்குள் போனது. விசாரணைக் கைதியின் வீட்டுக்குத் தகவல் சொல்வது, ஜாமீனுக்கு ஆள் தேடுவது, விடுதலையானவனுக்கு இரவு தங்க இடம் பார்ப்பது, இதெல்லாம் ஆய்வாளர்களின் வேலையானது. சுத்த ஆராய்ச்சி பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பதுண்டு. எனக்கென்னவோ, ஜாமீன் காகிதத்தோடு ஆர்தர் ரோடு ஜெயில் கேட்டில் மூன்று மணி நேரம் நின்றவருக்குத் தெரிவது, கேள்வித்தாளோடு போனவருக்குத் தெரியாது என்றுதான் படுகிறது.

சரி, ஆச்சியின் வெல்லத்துக்கு வருகிறேன்.

பம்பாய் மாகாணத்தின் மதுவிலக்குச் சட்டம் 1949ஆம் வருடத்தது. அடுத்த வருடத்திலிருந்து முழு மதுவிலக்கு. குடிக்கிற ஆசையைச் சட்டம் அணைக்கவில்லை, விற்கிற இடத்தை மட்டும் மாற்றியது. கறுப்பு வெல்லம், நவச்சாரம், தண்ணீர், ஒரு டிரம், கொஞ்சம் மறைவு, இவ்வளவு இருந்தால் சரக்கு தயார். மறைவுக்குத் தாராவியின் சதுப்பு நிலம் இருந்தது. முனிசிபாலிட்டிக் குழாயும் வராத, போலீஸ் வண்டியும் போகாத இடம் அது. சுமப்பதற்கு, ஊரில் பஞ்சம் தாங்காமல் திருநெல்வேலியிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்த ஆட்கள் இருந்தார்கள். தோல் பதனிடும் பட்டறைகளில் எல்லாருக்கும் வேலை கிடைக்காது, சேலைக்குள் ட்யூபைக் கட்டிக்கொண்டு போகிற பெண்ணுக்கு என்றைக்கும் வேலை உண்டு. பெண்களை ஆண் போலீஸ்காரர் தொட்டுச் சோதனை போட முடியாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இந்தச் சங்கிலியின் மேல் முனையில் உட்கார்ந்தவர்களில் பேர் பெற்றவர் வரதராஜ முதலியார். வி.டி. ஸ்டேஷனில் கூலியாக இருந்து, 1960களில் இருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை ‘வர்தா பாய்’ ஆனவர். 1988இல் சென்னையில் காலமானார். அவருக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஹாஜி மஸ்தான் ராமநாதபுரம் பக்கத்துப் பனைக்குளத்துக்காரர், கப்பல் துறையில் சுமை தூக்கியவர். நம் சினிமா இவர்களை எத்தனையோ தடவை தூக்கி வைத்துக் கொண்டாடியாகிவிட்டது, அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. சினிமா கேட்காத கேள்வி ஒன்றுதான்: ஏன் அந்த வருடங்களில்?

மஸ்தானுக்குப் பதில் தங்கத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வந்த தங்கக் கட்டுப்பாடு 1968இல் முழுச் சட்டமானது. உள்ளூரில் விலை ஒன்று, துபாயில் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம்தான் கடத்தல்காரரின் சம்பளம். 1990இல் சட்டத்தை ரத்து செய்தார்கள், இறக்குமதியும் தாராளமானது. அந்தத் தொழில் படுத்துவிட்டது. எந்த இன்ஸ்பெக்டரும் சுட்டுச் சாதிக்காததை ஒரு சுங்க அறிவிப்பு சாதித்தது. (பிற்பாடு வரி ஏறியபோதெல்லாம் விமான நிலையங்களில் பேஸ்ட் வடிவத் தங்கம் பிடிபட்ட செய்திகளும் ஏறியதைக் கவனித்திருப்பீர்கள்.) சாராயத்திலும் இதே கதைதான். அறுபதுகளில் மதுவிலக்கு தளர ஆரம்பித்து, நாட்டுச் சரக்குக்கே அரசு லைசன்ஸ் கொடுத்த பிறகு, பட்டிகளின் லாபம் இளைத்தது. மும்பையில் இன்றும் மதுக்கடை வாசலில் ‘பர்மிட் ரூம்’ என்று போர்டு தொங்குகிறது. சட்டப்படி இன்றும் குடிப்பதற்கு பர்மிட் வேண்டும். ஆள் போய்விட்டார், போர்டு இருக்கிறது.

மூன்றாவது ஒரு கதையும் உண்டு, அது மராத்திப் பையன்களுடையது. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் துணி ஆலை வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். முறையாக முடிவுக்கு வராமலே தேய்ந்து போன வேலைநிறுத்தம் அது. பல ஆலைகள் திரும்பத் திறக்கவே இல்லை. பரேல், லால்பாக், பைகுல்லாவில் ‘சால்’ எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை மில்லுக்குப் போவது வழக்கம். அந்தப் பிள்ளைக்கு இப்போது போக இடம் இல்லை. எண்பதுகளில் அங்கே கும்பல்கள் தழைத்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் போலீஸ்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆலை நிலம் கைமாற ஆரம்பித்ததும், அதே பையன்களுக்கு மிரட்டல் வேலைக்கு அழைப்பு வந்தது. இந்த இடத்தில் தாயி ஓர் எச்சரிக்கை சொல்வார். வேலை இழந்த இரண்டரை லட்சம் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை வடாபாவ் வண்டி, செக்யூரிட்டி வேலை, ஊரில் நிலம் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டன. துப்பாக்கி எடுத்தவர்கள் ஒரு கைப்பிடி. வறுமை குற்றத்தை உண்டாக்கும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்த வடாபாவ் வண்டிக்காரருக்கு அது அவமானம்.

அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு எண்கள் உதவுமே என்று கேட்கலாம். உதவும், பாதி தூரம். ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்ற ஆண்டறிக்கை 1953இல் இருந்து வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் வந்தது. அதில் ‘முதன்மைக் குற்றம்’ என்று ஒரு விதி உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால், கனமான கொலை மட்டும் கணக்கில் ஏறும், கொள்ளை மறைந்துவிடும். இன்னொரு வேடிக்கை 2020இல் நடந்தது. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் 2019இல் பதிவானவை 29,469 வழக்குகள், அடுத்த வருடம் 6,12,179. ஜனங்கள் ஒரே வருடத்தில் கெட்டுப் போகவில்லை. ஊரடங்கு வந்தது, மாஸ்க் இல்லாமல் தெருவில் நின்றவர் மேலும் வழக்குப் பதிந்தார்கள். புகாரைத் தட்டிக்கழிக்காமல் வாங்கிக்கொள்ளும் ஊர் அறிக்கையில் கெட்ட ஊராகத் தெரியும், வாங்க மறுக்கும் ஊர் நல்ல ஊராகத் தெரியும். ஷாவும் மெக்கேயும் வைத்த புள்ளிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. பையன்கள் எங்கே தப்பு செய்தார்கள் என்பதோடு, போலீஸ் எந்தத் தெருவில் பையன்களைத் தேடியது என்பதும் அந்தப் புள்ளிகளில் கலந்திருக்கிறது. சிறை அறிக்கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். 2022 முடிவில் நம் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் தீர்ப்பு வராதவர்கள். அங்கே போய்க் ‘குற்றவாளிகளைப் பற்றி’ ஆய்வு செய்தேன் என்று எழுதினால் முக்கால்வாசி இடத்தில் அந்தச் சொல்லே தப்பு.

சொல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆச்சியோடு உட்கார்ந்த அத்தனை நாளில் ‘குற்றம்’ என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. ‘கேஸ் ஆயிட்டு’ என்பார். ‘உள்ள போயிட்டான்’ என்பார். வாராவாரம் போலீஸுக்குப் போகும் பணம் ‘ஹஃப்தா’. இரண்டு கோஷ்டி உட்கார்ந்து பேசி முடித்தால் ‘மாண்ட்வலி’. ஊரை விட்டுத் துரத்தும் உத்தரவு ‘தடிபார்’. இது 1951ஆம் வருடத்து பம்பாய் போலீஸ் சட்டத்தின் பிரிவு, தீர்ப்பு எதுவும் இல்லாமலே ஒருவரை இரண்டு வருடம் வரை மாவட்டத்துக்கு வெளியே நிறுத்தலாம். தெரு விளக்குக்குக் கம்பம் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார், “எங்க அண்ணன் தடிபார் ஆன வருஷந்தான் இவ சடங்கானா.” ஒரு தடவை அவர் “அப்பம் தொழில் நல்லா ஓடுச்சு” என்றதை நான் வியாபாரம் என்று மொழிபெயர்த்துவிட்டேன். தாயி குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்து, “தொழில் என்றா சொன்னார்? உன் அப்பா ரயில்வே வேலையை வீட்டில் தொழில் என்பாரா?” என்று கேட்டார். என்பதில்லை. எங்கள் வீட்டில் அது ‘வேலை’. அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் படிப்பு கொஞ்சம் பிடிபட்டது.

இந்தத் துறைக்கு ஒரு பழைய பாவமும் இருக்கிறது, தமிழர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஜாதிகளை அளந்து, குணம் எழுதி, பட்டியல் போட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்களை ஆராய்ச்சியாளர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவியையே குற்றமாக்கியது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது அமலாகி, நம் ஊரில் ‘ரேகைச் சட்டம்’ ஆனது. ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து பதினாறு பேர் செத்தார்கள். 1952இல் மத்திய அரசு சட்டத்தை ரத்து செய்தது, அதன் இடத்தில் ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. ஹோவர்ட் பெக்கர் என்ற சிகாகோக்காரர் 1963இல், முத்திரை குத்துவதே ஆளை அந்த வழியில் தள்ளும் என்று எழுதிப் புகழ் பெற்றார். உசிலம்பட்டிப் பக்கம் போய்க் கேட்டிருந்தால் கிழவிகள் நாற்பது வருடம் முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஆகவே எழுதுவது என்பதே ஆபத்தான காரியம். இதற்கு நம்மவர் ஒருவரே உதாரணம். சுதிர் வெங்கடேஷ் மெட்ராஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். கணிதம் படித்துவிட்டு, சிகாகோவில் சமூகவியல் ஆய்வுக்குச் சேர்ந்தார். 1989இல் ஒருநாள் கேள்வித்தாளும் கையுமாக ஏழைக் கறுப்பின மக்களின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்தார். கறுப்பராகவும் ஏழையாகவும் இருப்பது எப்படி இருக்கிறது, ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்று முதல் கேள்வி. அங்கிருந்த போதைக் கும்பல் அவரை எதிரிக் கும்பலின் ஆள் என்று நினைத்து இரவு முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. விடிந்ததும் வேறு யாராயிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் திரும்பிப் போனார், பல வருடம் போய்க்கொண்டே இருந்தார். கும்பலின் கணக்கு நோட்டே அவர் கைக்கு வந்தது. பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டீவன் லெவிட்டோடு சேர்ந்து அதை அலசியபோது, தெருமுனையில் நின்று விற்கிற பையனுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. தாயி ஆச்சியிடம் கேட்ட ‘ஒரு நடைக்கு என்ன கூலி’ என்ற அதே கேள்வி.

அவர் செய்த தப்பு அதைவிடப் பாடம். அந்தக் கட்டடத்துவாசிகள் வீட்டுக்குள் முடிவெட்டியும் கார் பழுது பார்த்தும் மிட்டாய் விற்றும் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்தார். நம்பிச் சொன்னார்கள். அதைச் சரிபார்க்கிற ஆர்வத்தில் கும்பல் தலைவரிடமும் குடியிருப்போர் தலைவியிடமும் பேசிவிட்டார். யார் எவ்வளவு ஒளிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட அவர்கள், போய் வசூல் பண்ணிவிட்டார்கள். இதை அவரே தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். எழுதியதற்காகப் பாராட்டலாம், ஆனால் அந்த மிட்டாய்க்காரப் பெண்மணிக்குப் பணம் திரும்பி வரவில்லை.

சட்டமும் இந்த ஆட்களுக்குத் துணை நிற்காது. 1993இல் அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற ஆய்வு மாணவர், தன்னிடம் ரகசியமாகப் பேசியவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்து 159 நாள் ஜெயிலில் இருந்தார். நம் நாட்டில் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆய்வாளரின் நோட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தாயி இதை முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். அவர் நோட்டில் பேர் இருக்காது, சந்து இருக்காது, எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு. அந்தக் குறியீட்டின் சாவி புனேயில் அவர் அம்மாவின் பீரோவில்.

அந்த ஜாக்கிரதை ஒருநாள் வேலைக்கு வந்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் போலீஸ் சௌக்கியைச் சேர்ந்த ஒருவர் வந்து, என்ன எழுதுகிறீர்கள், காட்டுங்கள் என்றார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தாயி மறுபேச்சில்லாமல் நீட்டினார். அவர் நின்ற வாக்கில் நாலு பக்கம் புரட்டினார். வெல்லம் கிலோ என்ன விலை, தண்ணீர்க் குடம் என்ன விலை, எந்த மாதம் ரூம் வாடகை ஏறியது. முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். “என்ன இது, மளிகைக் கடைக் கணக்கா?” என்று மராத்தியில் கேட்டுவிட்டு, எங்கள் காசில் ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் தாராவியில் வேறு நோட்டுகள் நடமாடின. மறுசீரமைப்புக்காக 2024 முதல் வீடு வீடாகக் கணக்கெடுத்து, கதவில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் ஒரு வரிசை, இல்லாவிட்டால் வேறு வரிசை. நகரச் சமூகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கட்டம் பரிச்சயமானது. 1976இல் அணுசக்தி ஊழியர் குடியிருப்புக்காக ஜனதா காலனியைத் தரைமட்டமாக்கி, அங்கிருந்தவர்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள், அதில் பெரும் பகுதி தமிழர்கள். சென்னையிலும் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். இடம் மாறியதும் முதலில் அறுந்து போவது, ‘உன் மகன் அந்த மூலையில் யாரோடோ நிக்கான்’ என்று அம்மாவிடம் சொல்கிற பக்கத்து வீட்டுக் கண். அடுத்து வருவது முகவரியின் பேர். கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி கொடுத்த பிள்ளைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தாராவிப் பையன்கள் பக்கத்துப் பகுதியின் பேரான ‘சயான்’ என்று சொல்லிக்கொண்டது எனக்கு நேரடியாகவே தெரியும், ஏனென்றால் நானும் சொல்லியிருக்கிறேன்.

தாயிக்குப் பட்டம் கிடைக்க ஏழு வருடம் ஆயிற்று. இந்தத் துறையில் அது சாதாரணம். ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஆச்சியைப் பார்க்க வந்தார், எனக்கும் ஃபோன் போட்டு வரச் சொன்னார். தன்னைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார் ஆச்சி. நான் அந்த மூன்று பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பேரை மாற்றியிருந்தார், சந்தைக் கிழக்கிலிருந்து மேற்கே தள்ளியிருந்தார், இரண்டு மகள்களை மூன்று மகன்கள் ஆக்கியிருந்தார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இட்லிக் கடையை வடைக் கடை ஆக்கியிருந்தார். ட்யூபுக் கூலியும் வெல்ல விலையும் மட்டும் பைசா மாறாமல் இருந்தன.

ஆச்சி மகன்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூலிக் கணக்கைக் கேட்டுத் தலையாட்டினார். வடை வந்த இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“இவ கிட்ட கேளுடே. நாப்பது வருஷமா இட்லி அவிக்கேன், நான் எப்பம் வடை சுட்டேன்?”